வாயால் ஊதிய ஜெட்

கார்புரேட்டர் ஜெட்டை வாயால்தான் ஊத வேண்டும். கம்ப்ரஸர் வைத்திருக்கிறவன் கம்ப்ரஸரால் ஊதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் கம்ப்ரஸர் இல்லை. வாய்தான் இருந்தது. பெட்ரோல் போகிற அந்தப் பித்தளைத் துளையை உதட்டில் வைத்து ஒரு ஊது ஊதினால், அடைப்பு இருக்கிறதா, பாதி அடைப்பா, முழு அடைப்பா என்று உதட்டுக்கே தெரிந்துவிடும். கம்பி விட்டுக் குத்துகிறவனை நான் மெக்கானிக் என்றே சொல்ல மாட்டேன். துளை மயிரிழை பெரிதானால் போதும், அப்புறம் அந்த வண்டி பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும்.

எதற்கு இந்தப் பாடம் என்றால், இந்த ஊதலால்தான் எனக்கு வர வேண்டிய ஒரு வேலை வராமல் போனது. நானும் சும்மா விடவில்லை. நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

காஞ்சிபுரத்தில் வாலாஜாபாத் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் என் ஒர்க்‌ஷாப். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து சர்டிபிகேட் வாங்கியவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். என் அப்பா கடைசிவரை அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர். சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு, கொட்டகையில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தேன். கிரீஸ் படிந்து எழுத்து தெரியாது. ஆனாலும் எனக்குத் தெரியும், அது சர்டிபிகேட்.

அந்த வேலைக்குச் சொல்கிறேன் என்றவர் ஒரு சார். அவர் எனக்கு எப்படிப் பழக்கம் என்றால், அவர் வண்டியால்தான். சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அப்பா விட்டுப்போன பழைய அம்பாசிடரைப் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையானால் என் கொட்டகைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிஸ்டன், வால்வு, கம்ப்ரஷன் என்று மணிக்கணக்காகப் பேசுவார். புத்தகத்தில் படித்ததை அவர் சொல்ல, கையில் பட்டதை நான் சொல்ல, பொழுது போவதே தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, என்னை மனுஷனாக மதித்துப் பேசிய முதல் பெரிய வீட்டு ஆள் அவர்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள் கோணிப்பையில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். குழந்தையை இறக்குகிற மாதிரி மெதுவாகத் தரையில் வைத்தார்.

"மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடைல கிடைச்சுதுப்பா. ஜோடி கார்புரேட்டர். ஏதோ வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்லேர்ந்து கழட்டினதாம்."

பிரித்துப் பார்த்தேன். தலையில் கும்பம் வைத்த மாதிரி இரண்டு அலுமினிய உருப்படிகள். இரண்டையும் தாங்குகிற மேனிஃபோல்டும் கூடவே இருந்தது.

"இன்னா சார் இது, கோயில் மணி கணக்கா இருக்குது?"

"அந்த ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினும் நம்ம வண்டி என்ஜினும் ஒரே வம்சம்பா. போல்ட் கூட மாறாது. ஒத்தை கார்புரேட்டரைத் தூக்கிட்டு இதை ஜோடியா மாட்டினா வண்டி பறக்கும். உன்னால முடியுமா?"

முடியுமா என்று என்னைக் கேட்டால் நான் முடியாது என்று சொல்வேனா? அந்தக் கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

வேலையை அவர் வீட்டிலேயே செய்யச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட், அதற்குத் தெருப்பக்கம் தனி வழி. நான் அந்த வழியாகத்தான் போவேன், வருவேன். பத்தரைக்கு அவருக்கு டம்ளரில் காபி வரும். எனக்கு, அப்போது புதிதாக வந்திருந்த, குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கப்பில் வரும். 'உனக்கு மட்டும் புதுசுடா' என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அட, என் புத்தியை என்ன சொல்ல!

மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதல் ஞாயிறு பழையதைக் கழற்றி, புது மேனிஃபோல்டை உட்கார வைத்தேன். துளைக்குத் துளை சரியாக விழுகிறதா என்று பார்க்க, பக்கத்துத் தெரு தறிக்காரரிடம் சேலை டிசைனுக்குப் போடுகிற பழைய ஜக்கார்டு அட்டை ஒன்று வாங்கி வந்து, அதில் அச்செடுத்து, என்ஜினில் ஒட்டவைத்துப் பார்த்தேன். சார் சொன்னது பொய்யில்லை. ஒரு போல்ட்கூடப் பிசகவில்லை. இரண்டாவது ஞாயிறு கார்புரேட்டர்களை முழுக்கப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினேன். எந்த நாட்டுப் புழுதியோ, தார் மாதிரி உறைந்திருந்தது. ஜெட் இரண்டையும் வாயில் வைத்து ஊதி ஊதிச் சுத்தம் செய்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அதற்கு ஒரு கம்பியும் இரண்டு முட்டும் நானே செய்தேன்.

ஜோடி கார்புரேட்டரில் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஒன்று அதிகமாக மூச்சிழுத்து இன்னொன்று குறைவாக இழுத்தால் என்ஜின் நொண்டும். இரண்டின் மூச்சும் சமமாக இருக்க வேண்டும். அதைக் காதால்தான் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் பிடித்து, மறுமுனையைக் காதில் வைத்தால் 'உஸ்ஸ்' என்று கேட்கும். இங்கே கேட்டு, அங்கே கேட்டு, ஸ்குரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

"குடுப்பா, நானும் கேக்கறேன்" என்றார் சார். என் காதிலிருந்து எடுத்த குழாயை அப்படியே வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். துடைக்கக்கூட இல்லை. "ஆஹா, ரெண்டும் ஒரே சுருதிப்பா!" என்று சிரித்தார். எனக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்குத்தான் அந்த வேலைப் பேச்சை எடுத்தார்.

"எங்க அத்திம்பேர், அக்கா ஆத்துக்காரர், ஒரு பாலிடெக்னிக் கரெஸ்பாண்டென்ட். தென்னேரி பக்கத்துல புதுசா கட்டியிருக்கா. ஒர்க்‌ஷாப்புக்கு இன்ஸ்ட்ரக்டர் எடுக்கறா. நீ ஏன்பா இந்தக் கொட்டகைல கிடந்து கஷ்டப்படறே?"

"எனக்கெல்லாம் குடுப்பாங்களா சார்?"

"நான் சொன்னா எடுத்துப்பார். வர்ற சனி இல்லே, அதுக்கடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. அவர் முதல் நாளே நம்மாத்துக்கு வந்துடுவார். இந்த வண்டிலயே அழைச்சுண்டு போவோம். நீயும் பின்னாடி உக்காந்துக்கோ. வண்டி ஓடறதைப் பார்த்தார்னா, அதைவிட உனக்கு வேற என்ன சர்டிபிகேட் வேணும்?"

மாதச் சம்பளம். சட்டையில் கறை படாத வேலை. பையன்கள் எழுந்து நின்று 'சார்' என்று கூப்பிடுகிற வேலை. என் பெண்டாட்டி அப்போது ஏழு மாத கர்ப்பம். நான் போய்ச் சொன்னதும் என் இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தாள். "இந்த நகத்து அழுக்கு போறதுக்கே ஆறு மாசம் ஆவும்" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மூன்றாவது ஞாயிறு மிச்சமிருந்தது பெட்ரோல் டேங்க்தான். பழைய டேங்க், அடியெல்லாம் துரு. புதுக் கார்புரேட்டருக்குத் துருப் பெட்ரோலை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. டேங்கில் குழாயை விட்டு, வாயால் ஒரு இழுப்பு இழுத்து, பெட்ரோல் நாக்கைத் தொட்டதும் குழாயைக் கேனில் விட்டேன். மெக்கானிக் எல்லாரும் செய்வதுதான். துப்பிவிட்டு நிமிர்ந்தேன். வீட்டு ஜன்னலில் சாரின் அம்மா நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒடிசலான உருவம். என்னையே பார்த்தார். ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெட்ரோல் நாற்றம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெண்டாட்டி வாசல்வரை வந்து, "இன்னிக்கு ஒரு நாளாச்சும் எந்த வண்டி மேலயும் கைய வெச்சிராத, புரியுதா?" என்று மிரட்டி அனுப்பினாள்.

நான் போனபோது கார் ஷெட்டில் சாரும் அம்மாவும் நின்றிருந்தார்கள். சார் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கீழே ஒரு புனல். அம்மாவின் கையில் வெள்ளிச் சொம்பு. என்னைப் பார்த்ததும் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பூஜை போட்டிருக்கிறார்கள். நான் பூட்டிய கார்புரேட்டருக்குப் பூஜை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அத்திம்பேர் வந்தார். கனத்த உடம்பு, சரிகை வேஷ்டி, தங்க வாட்ச். சார் ஓட்ட, அவர் முன்னால் உட்கார, நான் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு பின்சீட்டில். எதற்கும் இருக்கட்டும் என்று டூல்ஸ் பையும் காலடியில் இருந்தது. ஊரைத் தாண்டியதும் சார் மிதித்தார். அடடா, அந்தக் கிழட்டு அம்பாசிடர் பாய்ந்தது பாருங்கள்! முன்னால் போன தனியார் பஸ்ஸை அனாயாசமாகத் தாண்டியது. அத்திம்பேர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா இது, ராக்கெட்டா இருக்கு!"

"எல்லாம் இவன் கை, அத்திம்பேர்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "பேஷ்" என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பட்டம் அந்த ஒரு சொல்தான். அதுவும் ஐந்து மைலுக்குத்தான்.

வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் நின்று கிளம்பும்போது என்ஜின் ஒருமுறை இருமியது. அப்புறம் சரியாகிவிட்டது. தென்னேரி ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது இரண்டு முறை குலுக்கி, சைலன்ஸரில் ஒரு வெடி வெடித்து, மொத்தமாக நின்றது. மணி ஒன்பது பத்து. பாலிடெக்னிக்குக்கு இன்னும் மூன்று மைல்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கே?" என்றார் அத்திம்பேர். ராக்கெட் எல்லாம் போயே போச்சு.

பானெட்டைத் தூக்கினேன். வெள்ளைச் சட்டையாவது, ஒன்றாவது. பெட்ரோல் பம்ப்பின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். பெட்ரோலில் அழுக்கு வந்தால் அதில் தங்கும், வெளியிலிருந்தே பார்க்கலாம். குனிந்து பார்த்தேன். கிண்ணத்தில் முக்கால்வாசி தண்ணீர். மேலே கொஞ்சம் பெட்ரோல் மிதந்தது. தண்ணீரில் பச்சையாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

கழற்றி உள்ளங்கையில் ஊற்றினேன். துளசி. ஒரு முழு இலையும் இரண்டு துணுக்குகளும். டேங்க் வாயில் இருக்க வேண்டிய சல்லடை எப்போதோ கிழிந்துபோயிருந்தது, தடையில்லாமல் வந்திருக்கிறது. மோந்து பார்த்தேன். பெட்ரோலையும் மீறிப் பச்சைக் கற்பூர வாசனை.

"சார், டேங்க்ல இன்னா ஊத்தினீங்க?"

"நானா? ஒண்ணும் இல்லையே. பங்க்ல தண்ணி கலந்திருப்பான்."

"துளசியுமா சார் கலந்திருப்பான்?"

கையை நீட்டிக் காட்டினேன். சார் பார்த்தார். அத்திம்பேர் எட்டிப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"தீர்த்தமாடா? உங்கம்மாவா விட்டா? எதுக்கு?"

சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒருவன் அங்கே நிற்கவே இல்லை என்கிற மாதிரி அவரிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "இவன் வாயால பெட்ரோலை உறிஞ்சினதை அம்மா பார்த்துட்டா, அத்திம்பேர். ஜெட்டையும் வாயால ஊதினான். எச்சல் பட்ட வண்டில இனிமே கோயிலுக்கு வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம். ஒரு சொம்புதானேன்னு நான்தான் புனலைப் பிடிச்சேன்."

கெமிஸ்ட்ரி வாத்தியார்! தண்ணீரும் பெட்ரோலும் கலக்காது என்று வருஷம் தவறாமல் போர்டில் எழுதிப்போட்டவர். புனலைப் பிடித்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காதில் வைத்த குழாயைத் துடைக்காமல் வாங்கிய அந்த மனிதரும் இவரும் ஒரே ஆளா என்று இருந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதுதான் இது.

ஆனாலும் பாருங்கள், அந்த நிமிஷம்கூட நான் வேலையைத்தான் நினைத்தேன். கோளாறு என்னுடையது இல்லை என்று தெரிந்துவிட்டதே, அது போதும், வேலை கிடைத்துவிடும் என்று.

அத்திம்பேர் வாட்சைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பிரியமாக, அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"கோச்சுக்காதேப்பா. உன் வேலைல நான் குத்தம் சொல்லலை. ஆனா வாய் வெச்சு உறிஞ்சறது, ஊதறது, இதெல்லாம் நாளைக்கு பசங்களுக்கு நடுவுல நின்னு பண்ணினா நன்னாவா இருக்கும்? எல்லாராத்துப் பசங்களும் படிக்கற இடம். பெரியவா மனசுல ஒண்ணு பட்டுதுன்னா அதுல ஏதாவது அர்த்தம் இருக்கும். இந்த வருஷம் வேண்டாம். அப்பறம் பார்க்கலாம்."

நான் சாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. 'தப்பு எங்க மேலதான், அத்திம்பேர்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏரியில் பார்க்க ஒன்றும் இல்லை, கோடைக்காலம், பாதி ஏரி சேறு.

"சரி சரி, வண்டியை எடுக்கற வழியைப் பாரு. பத்து மணிக்கு நான் அங்கே இருந்தாகணும், வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து காத்துண்டிருப்பா" என்றார் அத்திம்பேர்.

வேலை இல்லையாம். ஆனால் வண்டியை நான்தான் எடுக்க வேண்டுமாம்.

பையை எடுத்தேன். டேங்கின் அடிப்போல்ட்டைத் திறந்து தண்ணீரை வடித்தேன். பைப்பைக் கழற்றி வடித்தேன். இரண்டு கார்புரேட்டர்களின் கிண்ணங்களையும் காலி செய்து, ஜெட் இரண்டையும் வெளியே எடுத்தேன். ஒன்றை உதட்டில் வைத்து ஊதினேன். சுத்தம். இன்னொன்றை ஊதினேன். அதுவும் சுத்தம். மாட்டினால் இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிடலாம்.

நான் மாட்டவில்லை. அந்த இரண்டு ஜெட்டும் என் எச்சில் ஈரத்தோடு என் கையில் இருந்தன. எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் மனசு குளிர்ந்தது.

"சார், இங்க வாங்க."

வந்தார்.

"ஜோடி கார்புரேட்டர் சார் இது. ரெண்டையும் ஒரே நேரத்துல, ஒரே சமமா ஊதணும். ஒருத்தன் மாத்தி மாத்தி ஊதினா பேலன்ஸ் போயிரும். ரெண்டு வாய் வேணும்."

இதைவிடப் பெரிய பொய்யை நான் என் தொழிலில் சொன்னதில்லை. எந்த மெக்கானிக்கும் விழுந்து விழுந்து சிரிப்பான். சார் புத்தகம் படித்தவர்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்து எதிர்த்துக் கேட்க அப்போது அவருக்கு வாய் வரவில்லை.

நான் ஊதிய ஜெட்டை நீட்டினேன். வாங்கினார். பித்தளை பளபளவென்று ஈரமாக இருந்தது. வேஷ்டி நுனியால் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க சார். நூல் உள்ள போய் அடைச்சிக்கும்."

இது மட்டும் உண்மை. அவருக்கும் அது தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அத்திம்பேரைத் திரும்பிப் பார்த்தார், காப்பாற்றச் சொல்லி.

"ஊதித் தொலையேன்டா! மணி ஒம்பதரை ஆயிடுத்து!" என்று கத்தினார் அத்திம்பேர். எச்சிலைப் பற்றி அவ்வளவு பேசியவர். தனக்கு அவசரம் என்றால் மைத்துனன் வாய் எக்கேடு கெட்டால் என்ன?

சார் கண்ணை மூடிக்கொண்டு ஜெட்டை உதட்டில் வைத்தார். ஊதினார்.

"பத்தலை சார். இன்னும் அழுத்தி."

ஊதினார். பெட்ரோல் உதட்டைச் சுட்டிருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது. வாய் கொப்பளிக்க ஏரிப்பக்கம் திரும்பினார்.

"இருங்க சார். இப்ப அதை இங்க குடுத்துட்டு, இதை ஊதுங்க."

என் வாயில் இருந்ததை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் வாயில் இருந்ததை வாங்கி நான் வைத்துக்கொண்டேன். அவர் ஊதினார். மூன்று முறை ஊதவைத்தேன். நான்காவது முறையும் சொல்லியிருப்பேன், அத்திம்பேர் கிட்டே வந்துவிட்டார். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், வெல்லம் தின்கிற மாதிரி இனித்தது.

மாட்டினேன். வண்டி ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது.

அத்திம்பேரை பாலிடெக்னிக் வாசலில் இறக்கினோம். உள்ளே வரிசையாக ஆட்கள் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அவர் வருகிறவரை நானும் சாரும் காரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. வெயில். என் வெள்ளைச் சட்டையில் துருவும் பெட்ரோலும்.

வெகுநேரம் கழித்து சார் கேட்டார். "ரெண்டு வாய் வேணும்னு சொன்னியே, அது நிஜமா?"

"இல்ல சார்."

"ஜெட் அடைச்சிண்டிருந்துதா?"

"இல்ல சார். மொத ஊதுலயே சுத்தம்."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டி, தீர்ந்து போயிருக்கும். அல்லது, என் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஐயோ' என்றாவது ஒரு வார்த்தை. அப்படிச் சொல்லியிருந்தால், கடவுள் சாட்சியாக, நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"ஆத்துல சொல்லிடாதேப்பா" என்றார். "அம்மா தாங்க மாட்டா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. திரும்பும்போது வழியிலேயே என் தெருமுனையில் இறங்கிக்கொண்டேன். பெண்டாட்டி சட்டையைப் பார்த்தாள். அதை ஊறவைக்கக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலை, கார் ஷெட்டில் விட்டிருந்த பெரிய ஸ்பானர் செட்டை எடுக்கப் போனேன். ஸ்பானருக்காகத்தான் போனேன் என்று சொன்னால் மாதா என் நாக்கை அறுப்பாள். ஷெட் பூட்டியிருந்தது. வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அம்மாதான் வந்தார். சாவியைக் கீழே படியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

"வழில வண்டி நின்னுடுத்தாமேப்பா? அவன் சொன்னான். தீர்த்தம் விட்டிருந்தோமோ இல்லியோ, பெருமாள் பெரிசா ஒண்ணும் ஆகாம காப்பாத்திட்டார்."

முகத்தில் ஒரு வஞ்சகமும் இல்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது.

"ஆமாம்மா, பெருமாள்தான். அப்பறம் சாரும். சார்தான் ஜெட்ட வாயில வெச்சி ஊதி சரி பண்ணாரு."

"அவனா? அவன் எதுக்கு ஊதணும்?"

"நான் ஊதிட்டு அப்படியே குடுத்தேன்மா. தொடைக்காம வாயில வெச்சிக்கினாரு. மூணு தபா. மாத்தி மாத்தி ஊதினோம்."

அம்மா என்னையே பார்த்தார். கத்தவில்லை, சபிக்கவில்லை. "நேத்து அவன் சாப்ட்ட தட்டை நான்தானே எடுத்தேன்" என்றார், தனக்குத்தானே. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஒரு கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

நான் ஸ்பானர்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது சார் பின்கட்டிலிருந்து ஈர வேஷ்டியோடு வந்தார். குளித்துவிட்டு வந்திருக்கிறார். ஷெட் வாசலில் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடினார்.

"அம்மா, கதவைத் திறங்கோ" என்று சமையல்கட்டுக் கதவைத் தட்டுவது ஷெட்வரை கேட்டது. "அம்மா, குளிச்சுட்டேம்மா. திறங்கோம்மா." ஐம்பது வயது ஆள். மூன்றாவது முறை கூப்பிடும்போது குரல் உடைந்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன பிள்ளையின் குரலாகிவிட்டது.

நான் சாவியைப் படியில் வைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அந்தக் குரல் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரமும் மெதுவாகத்தான் நடந்தேன்.